மானியமும் மசோதாவும்

சென்னை ராஜதானியின் சட்டசபைக்கு 1926-ஆம் வருஷத்தின் முடிவில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் நியமனம் பெற்றபோது, சுதேச சமஸ்தானங்களை நீக்கிப் பார்த்தால், இந்தியாவின் எந்த மாகாணச் சட்டசபையிலும் அதற்கு முன் ஒரு ஸ்திரீ அங்கத்தினராக அமர்ந்ததில்லை. அடுத்த வருஷமே அச்சபையார் அவரை ஏகமனதாகத் தங்கள் உபதலைவராகவும் தேர்ந்தெடுத்தார்கள். இவ்விரண்டு செய்திகளையும் பாடப்புத்தகங்களும் மேடைப் பிரசங்கங்களும் தவறாமல் சொல்லுகின்றன. சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்திலேயே அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய்விடுகின்றன. இடையிலுள்ள ஏறத்தாழ மூன்றரை வருஷங்களில் அவர் சபையில் எதைத் தொடங்கினார், எந்த வழியில் நடத்தினார், எதை முடித்தார், எதை முடிக்காமல் வெளியேற நேர்ந்தது என்பவற்றை விரிவாக எடுத்துச் சொல்லுவார் அரியர். ஒரு சட்டசபை அங்கத்தினரை அவர் கைப்பட்ட சட்டத்தின் ஷரத்துக்களைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம்; ஆகையால் அந்த மூன்றரை வருஷங்களையே இக்கட்டுரையில் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன்.

அவர் நுழைந்த சபை எத்தகையது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். 1919-ஆம் வருஷத்து மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி அமைந்து, 1921 ஜனவரியில் கன்னாட் கோமகனால் தொடங்கி வைக்கப்பெற்று, செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் கூடிவந்த அச்சபை பூரண அதிகாரம் படைத்ததன்று. கல்வி, சுகாதாரம், ஸ்தல ஸ்தாபனங்கள், கலால் முதலிய இலாகாக்கள் மந்திரிகளிடம் விடப்பட்டிருக்க, போலீஸ், நிலவரி, நிதி முதலிய கனமான இலாகாக்கள் கவர்னரின் நிர்வாக சபையாரிடமே தங்கியிருந்தன. இதற்கு இரட்டையாட்சி என்று பெயர். தேர்தலால் வந்த அங்கத்தினர் 98 பேர். ஏனையோர் உத்தியோகஸ்தர்களும் கவர்னரால் நியமிக்கப்பெற்றவர்களும் ஆவர். சொத்தும் வரியும் உடையவர்களுக்கே வாக்குரிமை. ஆயினும் ஒரு விஷயத்தில் அந்தச் சபையைப் பாராட்டத்தான் வேண்டும்: பிரிட்டிஷ் இந்திய மாகாணங்கள் எல்லாவற்றிலும் முதலாவதாக, 1921-லேயே, ஆண்களுக்குரிய அதே யோக்கியதைகள் இருக்குமாயின் பெண்களும் வாக்களிக்கலாம் என்று அது தீர்மானித்தது. வாக்களிக்கும் உரிமை அப்படிக் கிடைத்தபோதிலும், அங்கத்தினராக அமரும் உரிமை 1926 வரை கிடைக்கவில்லை. அவ்வுரிமை கிடைத்தவுடன் நடந்த தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்தியாயர் மங்களூரில் நின்று, மிகச் சொற்ப வாக்குகளால் தோற்றார்.

அந்தத் தேர்தலில் சுயராஜ்யக் கட்சியார் மற்றெவரையும்விட அதிக ஸ்தானங்களைப் பெற்றும், இரட்டையாட்சியில் பதவி ஏற்பதில்லை என்ற கொள்கையினால் ஒதுங்கிக்கொண்டார்கள். ஜஸ்டிஸ் கட்சி தோல்வியுற்றிருந்தது. எந்தக் கட்சியையும் சேராத டாக்டர் சுப்பராயன், கவர்னர் கோஷன் பிரபுவின் ஆதரவோடு மந்திரிசபை அமைத்தார். நிரந்தரமான பெரும்பான்மை யாருக்கும் இல்லாத அத்தகைய சபையில், கட்சிக் கட்டுப்பாடு சிறிதும் இல்லாத ஓர் அங்கத்தினர், நியாயத்தை எடுத்துச் சொல்லி ஒவ்வொருவராகத் தம் பக்கம் திருப்பிக்கொள்ள இடமிருந்தது. தமக்குக் கிட்டிய இந்த அவகாசத்தை முத்துலட்சுமி அம்மையார் வீணாக்கவில்லை.

அவரைச் சபைக்கு அனுப்ப முயன்றவர்கள் இந்திய மாதர் சங்கத்தார். 1917-இல் அடையாற்றில் அன்னி பெசன்ட் அம்மையார், மார்கரெட் கஸின்ஸ், டோரதி ஜினராஜதாஸா முதலியோரால் ஸ்தாபிக்கப்பெற்ற அச்சங்கம், தேர்தலில் பெண்கள் வெல்லுவது கடினமாயிருப்பதைக் கண்டு, நியமன ஸ்தானம் ஒன்றையேனும் ஒரு பெண்ணுக்கு அளிக்கும்படி சர்க்காரை வேண்டிக்கொண்டது. அம்மையார் அப்போதுதான் லண்டனில் செல்ஸீ மருத்துவமனையில் ஸ்திரீகளுக்கும் குழந்தைகளுக்கும் வரும் நோய்களைப்பற்றி மேற்கல்வி பயின்று, பாரிஸ் நகரில் 1926-இல் கூடிய சர்வதேச மாதர் மகாநாட்டிலும் கலந்துகொண்டு திரும்பியிருந்தார். வைத்தியத் தொழிலுக்கு இடையூறு நேருமே என்று தயங்கிய பிறகே அவர் அந்த ஸ்தானத்தை ஏற்றார். அவர் தயங்கியதில் ஆச்சரியமில்லை. அந்தத் தொழிலை அடைவதற்கு அவர் கடந்துவந்த வழி அவ்வளவு கரடுமுரடானது.

1886 ஜூலை 30-ஆம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தவர் அவர். தந்தையார் நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் முதல்வராயிருந்தவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்த இசை வேளாளர் குலத்தவர். அந்த விவாகத்தை ஐயரின் உறவினர் ஏற்கவில்லை, ஊராரும் மறந்துவிடவில்லை. 1904-இல் அப்பெண் மகாராஜா கல்லூரியில் சேர விரும்பியபோது, ஆண்பிள்ளைகள் படிக்குமிடத்தில் ஒரு பெண்ணா என்று ஒருசாராரும், அதிலும் அந்த மரபில் வந்த பெண்ணா என்று மற்றொருசாராரும் எதிர்த்தார்கள். சமஸ்தானாதிபதி மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்த ஆட்சேபங்களைத் தள்ளி அவரைச் சேர்த்துக்கொள்ளச் செய்ததோடு, உபகாரச் சம்பளமும் அளித்தார். 1907-இல் சென்னை வைத்தியக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் தங்கப் பதக்கங்களோடு தேறி, எழும்பூர்ப் பிரசவ ஆஸ்பத்திரியில் பணியாற்றத் தொடங்கினார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, தம்மைச் சரிசமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கலாகாது என்று நிபந்தனை விதித்து, அவர் இசைந்த பின்னரே சம்மதித்தார். ஜாதி விட்டு ஜாதி மணப்போருக்கென இருந்த 1872-ஆம் வருஷத்து விவாகச் சட்டத்தின்படி அத்திருமணம் நடந்தேறியது. சட்டம் என்பது மனிதருடைய வாழ்க்கைக்குள் எவ்வளவு தூரம் புகுந்து வழிவிடக்கூடும் என்பதை, சட்டசபைக்குப் போவதற்குப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்பே தம் கல்யாணத்திலேயே அவர் கண்டிருந்தார்.

சபையில் அவர் முதலிற் கையாண்ட விஷயங்கள் அவருடைய தொழிலோடு ஒட்டியவை. பள்ளி மாணவர்க்கும் மாணவியர்க்கும் வைத்தியப் பரிசோதனை, குழந்தைகளுக்கெனத் தனி ஆஸ்பத்திரி, பெண் கல்விக்குச் சலுகைகள், ஏழைப் பெண்களுக்கு விடுதிகள் என்று அவர் ஒன்றன்பின் ஒன்றாகத் தீர்மானங்களையும் கேள்விகளையும் கொண்டுவந்தார். பெண்களின் விவாக வயதைப் பதினாறாகவும் ஆண்களின் விவாக வயதை இருபத்தொன்றாகவும் உயர்த்த வேண்டும் என்று வற்புறுத்தினார். 1929-இல் மத்திய சட்டசபை நிறைவேற்றிய சாரதா சட்டம் பதினான்கு, பதினெட்டு என்ற அளவோடு நின்றது. 1928-இல் அமைந்த ஹார்ட்டாக் கல்விக் கமிட்டியில் ஒரே பெண் அங்கத்தினராக அமர்ந்து, தேசமெங்கும் பெண் கல்வியின் நிலைமையை ஆராய்ந்தார். அக்கமிட்டி சைமன் கமிஷனின் துணைக் கமிட்டியாகையால், கமிஷனைப் பகிஷ்கரித்தவர்கள் அவர்மீது அதிருப்தி கொண்டார்கள். விபசாரத் தொழிலுக்காகப் பெண்களை விற்பதையும் விடுதிகள் நடத்துவதையும் தடுக்கும் சட்டம் சென்னையில் 1930-இல் நிறைவேறியதில் அவருடைய உழைப்பு பெரிது. இவை ஒவ்வொன்றும் தனியே பேசத்தக்கவை. எனினும், சட்டம் இயற்றுவோர்க்கு வேண்டிய நுட்பம் அவரிடம் எவ்வளவு இருந்தது என்பது பொட்டுக்கட்டும் வழக்கத்தை அவர் எதிர்த்து நின்ற விதத்தில்தான் முழுதும் விளங்குகிறது. ஆதலால் அதனிடம் நெடுநேரம் தங்குவோம்.

கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதை வெறும் மூடநம்பிக்கை என்றோ ஒழுக்கக்கேடு என்றோ கருதி, கண்டனப் பிரசங்கங்களாலேயே அதனை அகற்றிவிடலாம் என்று எண்ணியவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே இருந்தார்கள். அந்த வழக்கத்தின் வேர் எங்கே இறங்கியிருந்தது என்பதை அவர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜன் பல ஊர்களிலிருந்தும் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொணர்ந்து குடியேற்றி, ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும், வருஷத்துக்கு 100 கலம் நெல் தரும் பங்கும் அளித்ததைக் கல்வெட்டுக் கூறுகிறது. அவர்களில் ஒருவர் இறந்துவிட்டாலும் ஊரைவிட்டுப் போய்விட்டாலும், நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்று அந்தப் பணியைச் செய்ய வேண்டும் என்பதும் அதே கல்வெட்டின் ஏற்பாடு. பணியையும் பங்கையும் ஒன்றோடொன்று பிணைத்து, இரண்டையும் பரம்பரைக்கு உரியவையாக்கிய இந்த ஏற்பாடு, அரசுகள் பல மாறியும், கோயிலுக்குக் கோயில் பெயரும் அளவும் வேறுபட்டும், தொடர்ந்து வந்தது. 1858-க்குப் பின் இனாம் கமிஷன் ஏற்பட்டு மானிய நிலங்களையெல்லாம் பரிசீலித்தபோதும், கோயில் ஊழிய மானியங்கள் ஊழியம் நடைபெறும்வரையில் செல்லும் என்ற முறையிலேயே அங்கீகரிக்கப்பட்டன. ஆகவே, தாய்க்குப்பின் மகள் பொட்டுக்கட்டிக்கொள்ளாவிட்டால், மானியம் கைவிட்டுப் போய்விடும். பெற்ற மகள் இல்லாதவள் ஒரு சிறுமியைச் சுவீகாரம் எடுத்தேனும் பொட்டுக்கட்டியாக வேண்டும். பெண்வழியில் சொத்து இறங்கும் உரிமையைக் கோர்ட்டுகளும் அந்தக் குலத்தார்க்கு ஒப்புக்கொண்டிருந்தன. ஹிந்து ஸ்திரீகளில் ஏனையோர்க்குச் சொத்துரிமை மிகக் குறுகியிருந்த காலத்தில், நிலமும் வீடும் தன் பேரில் வைத்திருந்த பெண், அவற்றைக் காக்கும் பொருட்டே தன் மகளின் பால்யத்தை ஒப்படைக்க நேர்ந்த கொடுமையை என்னென்பது!

1927 நவம்பரில் முத்துலட்சுமி அம்மையார் சபையில் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். ஹிந்துக் கோயில்களுக்குச் சிறுமிகளையும் இளம்பெண்களையும் அர்ப்பணம் செய்யும் வழக்கத்தைச் சட்டத்தால் நிறுத்தும்படி சர்க்காருக்குச் சிபாரிசு செய்யும் தீர்மானம் அது. சபையில் நிறைவேறியது. எனினும் தீர்மானம் என்பது அந்தச் சபையில் ஒரு சிபாரிசேயன்றி ஆணையாகாது. பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்ணை விபசாரத்தின் பொருட்டு விற்பதையும் வாங்குவதையும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 372, 373-ஆம் பிரிவுகளே தண்டிக்கின்றனவாகையால், வேறு சட்டம் எதற்கு என்ற பதில் சர்க்காரிடம் ஆயத்தமாக இருந்தது. சடங்கு கோயிலில் வைதிக முறைப்படி நடக்கிறது. தாயும் பாட்டியும் முன்னின்று நடத்துகிறார்கள். தீய நோக்கத்தை நிரூபிப்பவர் யார், புகார் கொடுப்பவர்தாம் யார்? காகிதத்தில் கிடக்கும் அந்தப் பிரிவுகளால் ஊரிலுள்ள சிறுமிக்கு எந்தப் பயனும் விளையவில்லை என்பதை, ஆஸ்பத்திரி வார்டுகளில் அந்தப் பெண்களின் உடம்புக்கு நேர்ந்த கதியைப் பார்த்திருந்த ஒரு வைத்தியர் அறியாமல் இருக்க முடியாது.

தீர்மானத்துக்குக் கிடைத்த பதிலைக் கண்டு சோர்ந்துபோகாமல், வேறொரு வாசலை அவர் தேடினார். அப்போதுதான் ஹிந்து மத அறநிலையப் பாதுகாப்புச் சட்டம் புதிதாக அமலுக்கு வந்திருந்தது. கோயில் சொத்துக்களின் பரிபாலனத்தைப் பற்றிய அந்தச் சட்டத்துக்குள் பொட்டுக்கட்டு வழக்கத்தின் வேர் ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டு, அதற்கு ஒரு திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். 1929-ஆம் வருஷத்து 5-ஆவது சட்டமாக அது நிறைவேறி, அறநிலையச் சட்டத்தில் 44-ஏ என்ற பிரிவாகச் சேர்ந்தது. அதன் சாரம் இதுதான்: கோயில் ஊழியத்தின் பொருட்டு மானியம் அனுபவித்துவரும் தேவதாசியை அந்த ஊழியத்தினின்று விடுவித்துவிட வேண்டும், நிலத்தை அவளிடமிருந்து பறிக்கக் கூடாது, ஊழியத்துக்கு ஈடாக ஒரு சிறு தீர்வையை விதித்து, அதைக் கோயிலுக்குச் சேர்ப்பித்து, நிலத்தை அவளுக்கே பாத்தியமாக்கிவிட வேண்டும். ஒரு சொல்லாவது அவளை நிந்திப்பதாக அதில் இல்லை. மகளைப் பொட்டுக்கட்டாவிட்டால் மானியம் போய்விடுமே என்ற பயத்துக்கு இனி ஆதாரமில்லை என்று செய்துவிட்டது. மைசூர் சமஸ்தானத்தில் 1909-லேயே சர்க்கார்க் கோயில்களில் தேவதாசி ஊழியத்தை உத்தரவு ஒன்றினால் நிறுத்தியிருந்தார்கள். சென்னைச் சட்டம் அதனினும் நுட்பமானது என்று நான் கருதுவதற்குக் காரணம், ஊழியத்தை நீக்கும்போது அந்தப் பெண்ணின் ஜீவனத்தையும் நினைவில் வைத்துக்கொண்டது என்பதே. நம் மாகாணத்தில் தனி அங்கத்தினர் ஒருவர் கொண்டுவந்து நிறைவேறிய சட்டங்களுள் இத்துணைச் சிறிய உருவில் இத்துணைப் பெரிய காரியத்தைச் செய்தது வேறொன்றை நான் கண்டதில்லை.

இந்த முயற்சிகளுக்கு எதிர்ப்பு இரண்டு திசைகளிலிருந்து வந்தது. இரண்டையும் ஒன்றாகக் கூட்டிப் பேசுவது தவறு. சபைக்குள் சத்தியமூர்த்தி போன்றவர்கள், சம்பிரதாயமாக வந்த கோயில் வழிபாட்டின் ஓர் அங்கத்தில் சட்டசபை கைவைக்கலாமா, இன்று தாசிகளை நீக்கினால் நாளை வேறெதை நீக்குவார்கள் என்று ஆட்சேபித்தார்கள். தேச விடுதலைக்காகச் சிறை சென்ற அத்தகைய பெருமகனார் இந்த ஒரு விஷயத்தில் அவ்வாறு வாதித்தது வருந்தத்தக்கது. வழிபாட்டின் தூய்மையைப் பற்றிப் பேசியவர்கள், அந்த வழிபாட்டுக்காகத் தன் விருப்பம் கேட்கப்படாமலேயே ஒப்படைக்கப்பட்ட சிறுமியைப் பற்றி ஏன் பேசவில்லை என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை.

மற்றோர் எதிர்ப்பு அந்தக் குலத்துப் பெண்களிடமிருந்தே எழுந்தது. திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளின் சமாதியை மீட்டு, தம் பொருளைச் செலவிட்டுக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலியோர் சர்க்காருக்கு மனுக் கொடுத்தார்கள். தாங்கள் தெய்வப் பணிக்கும் சங்கீத நாட்டியக் கலைகளுக்கும் உரியவர்கள் என்றும், தங்கள் குலத்தையே விபசாரத்தோடு சேர்த்துப் பேசுவது அநியாயம் என்றும், குறை இருக்குமானால் கல்வியைக் கொடுத்துத் திருத்தலாம் என்றும் அவர்கள் கூறினார்கள். அதே குலத்திலிருந்து வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரோ, ஊர் ஊராகச் சென்று வழக்கத்தை ஒழிக்கும்படி பிரசாரம் செய்தார். இசை வேளாளர் குலத்து ஆடவரிற் பலர் மசோதாவை ஆதரித்ததில் சீர்திருத்த ஆர்வத்தோடு, பெண்வழிச் சொத்துரிமை நீங்கித் தங்கள் வழிக்கு வரும் என்ற எண்ணமும் கலந்திருந்தது என்பதை ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். இவ்வளவு சிக்கலான ஒரு விவகாரத்தில் எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். சிறுமிகள் விஷயத்தில் முத்துலட்சுமி அம்மையார் கூறியதற்கு மறுப்பே இல்லை. எட்டு வயதிலும் பத்து வயதிலும் ஒரு குழந்தையின் வாழ்நாளைப் பிறர் எழுதிவைக்கக் கூடாது. ஆனால் வயது வந்த அந்தக் கலைச் செல்விகளின் மனுவுக்கு உரிய மதிப்பை அந்தக் காலத்துச் சீர்திருத்தக்காரர்கள் கொடுக்கவில்லை. அம்மையாரும் போதிய அளவு கொடுக்கவில்லை. அவர் தாயாரும் அந்த மரபில் வந்தவரே என்பதால், அந்த மரபின் துன்பம் அவர் கண்ணுக்கு மிக அருகில் இருந்தது. அருகில் இருந்த துன்பம் அதன் கலையைக் கொஞ்சம் மறைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

நிலத்தைப் பற்றிய சட்டம் நிறைவேறிய பின், 1930 ஜனவரியில், பொட்டுக்கட்டுதலையே குற்றமாக்கும் மசோதாவை அவர் சபையில் பிரேரேபித்தார். காந்தியடிகள் யங் இந்தியா பத்திரிகையில் அம்முயற்சியை ஆதரித்து எழுதினார். சுயமரியாதை இயக்கத்தாரும் தங்கள் குடி அரசு பத்திரிகையின் மூலம் ஆதரித்தார்கள். வேறு எதிலும் ஒத்துப்போகாத இரு சாராரை ஒரே மசோதாவின் பின்னே நிறுத்தியது சாமானியமான காரியமன்று. மசோதாவைப் பொதுஜன அபிப்பிராயத்துக்காகச் சுற்றுக்கு விட்டார்கள். அபிப்பிராயங்கள் வந்துகொண்டிருக்கும்போதே உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கி, மே மாதத்தில் காந்தியடிகள் கைது செய்யப்பட்டார். அதைக் கேட்டதும் முத்துலட்சுமி அம்மையார் தம் அங்கத்தினர் ஸ்தானத்தையும் உபதலைவர் பதவியையும் ராஜிநாமாச் செய்தார்.

இந்த ராஜிநாமாவைப் புகழாதவர் இல்லை, நானும் புகழ்கிறேன். சர்க்காரால் நியமிக்கப்பெற்ற ஒருவர், அந்தச் சர்க்கார் தேசத்தின் பெருந்தலைவரைச் சிறையிட்டபின் அந்த நியமனத்தை வைத்துக்கொண்டிருப்பதில் மானக்கேடு கண்டது இயல்பு. இருந்தாலும் அதன் விலையையும் கணக்கில் எழுத வேண்டும். தனி அங்கத்தினர் கொண்டுவரும் மசோதாவுக்கு அவரே தாயும் தந்தையும். அவர் வெளியேறினால் அது அநாதையாகிவிடும். அவர் போனபின் அந்த மசோதாவைக் கையிலெடுத்து நடத்த அத்தனை உறுதியுள்ளவர் யாரும் முன்வரவில்லை. முப்பதுகளின் பிற்பகுதியில் ராஜாஜி மந்திரிசபைக் காலத்தில் அந்த விஷயம் மீண்டும் கிளப்பப்பட்டபோதும் முடிவு காணாமல் போயிற்று. 1947-இல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல் மந்திரியாயிருந்தபோதுதான், தேவதாசி அர்ப்பணத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1927-இல் முதல் மந்திரியாயிருந்து அம்மையாரின் தீர்மானத்தைக் கேட்ட டாக்டர் சுப்பராயன், அந்த 1947-ஆம் வருஷத்து மந்திரிசபையிலும் ஓர் அங்கத்தினர். அம்மையாரின் ராஜிநாமாவுக்கும் இச்சட்டத்துக்கும் நடுவே கழிந்த பதினேழு வருஷங்களில் பொட்டுக்கட்டப்பட்ட சிறுமிகள் ஒவ்வொருவருக்கும் அந்தத் தாமதம் ஒரு வாழ்நாளின் அளவு நீண்டது.

வெளியேறியவர் வாளாவிருக்கவில்லை. வழக்கத்தினின்று தப்பிவந்த சில பெண்களுக்கு நகரத்து மாணவியர் விடுதிகள் இடம் மறுத்தபோது, அவர்களுக்குத் தம் வீட்டிலேயே இடம் கொடுத்து, 1930-இல் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். அது பின்னர் அடையாற்றுக்குப் பெயர்ந்து, பள்ளியாகவும் ஆசிரியைப் பயிற்சி ஸ்தாபனமாகவும் வளர்ந்தது. சட்டத்தால் விடுவிக்கப்பட்ட பெண் எங்கே போவாள் என்ற கேள்விக்கு, சட்டசபையில் அவரால் கொடுக்க முடியாத விடையை இந்த இல்லத்தில் கொடுத்தார். 1933-இல் லண்டன் சென்று, புதிய அரசியலமைப்பை ஆராய்ந்த பார்லிமெண்டுக் கூட்டுக் கமிட்டியின் முன், ராஜகுமாரி அம்ருத் கௌர் முதலியோருடன் இந்தியப் பெண்களின் வாக்குரிமைக்காகச் சாட்சியம் அளித்தார்.

1947-ஆம் வருஷத்துச் சட்டத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பொட்டுக்கட்டுதலைத் தடுத்ததோடும், பொட்டுக்கட்டிய பெண்ணும் சட்டப்படி மணம் செய்துகொள்ளலாம் என்று உரிமை அளித்ததோடும் அது நிற்கவில்லை. கோயிலினுள்ளும் சுவாமி புறப்பாட்டிலும் பெண்கள் நடனமாடுவதையே தடுத்துவிட்டது. இதன் முன்னோட்டம் 1932-லேயே தெரிந்திருந்தது: அந்த வருஷக் கடைசியில் சதிர்க் கச்சேரிகளைக் கண்டித்து முத்துலட்சுமி அம்மையார் பத்திரிகைகளுக்கு எழுத, கலைக்கு என்ன குற்றம் என்று இ. கிருஷ்ணையர் மறுப்பு எழுத, பெரிய வாதம் நடந்தது. கலை பிழைத்துக்கொண்டது; பரதநாட்டியம் என்ற பெயரில் புதிய மேடைகளையும் புதிய குடும்பங்களையும் அடைந்தது. அதைப் பரம்பரையாகக் காத்துவந்த பெண்களிற் பலர், மானியம் பெற்றிருந்தவர்களாயின் 1929-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் நிலத்தோடு மிஞ்சினார்கள். மானியமில்லாமல் கச்சேரியையும் கோயில் முறையையும் நம்பியிருந்தவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். இரண்டு சட்டங்களையும் அருகருகே வைத்துப் படிக்கிறவர்கள், முதலாவது எவ்வளவு கருணையோடு எழுதப்பட்டது என்பதையும், இரண்டாவதில் அந்தக் கருணைக்கு எவ்வளவு குறைவான இடம் விடப்பட்டது என்பதையும் உணருவார்கள். முதலாவதன் மனப்பான்மை இரண்டாவதிலும் இருந்திருந்தால், கலைஞர் குடும்பங்கள் பல பட்ட வறுமை நேர்ந்திராது.

புற்றுநோய் மருத்துவமனையின் வரலாறு பலரும் அறிந்தது. தங்கை அந்நோய்க்குப் பலியானதைக் கண்ட துயரத்தை நெஞ்சில் வைத்திருந்து, மாதர் சங்கத்தின் மூலம் 1949-இல் நிதி திரட்டத் தொடங்கி, 1952-இல் ஜவாஹர்லால் நேரு அஸ்திவாரக்கல் நாட்ட, 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளோடு அடையாற்றில் அதைத் திறக்கச் செய்தார். 1956-இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1968 ஜூலை 22-ஆம் தேதி, எண்பத்திரண்டாம் வயது நிறைவதற்குச் சில நாட்களே இருக்கையில், காலமானார். ஏழைத் தாய்மார்களுக்கான மகப்பேறு உதவித் திட்டத்துக்குத் தமிழ்நாட்டு அரசு அவர் பெயரையே சூட்டியிருக்கிறது.

சபையை விட்டு வெளியேறிய 1930-லேயே, அங்கு தாம் செய்தவற்றையும் செய்ய முயன்றவற்றையும் அவர் ஆங்கிலத்தில் ஒரு நூலாக எழுதி வெளியிட்டார். சட்டசபை அங்கத்தினராகத் தாம் பெற்ற அனுபவத்தைச் சொல்லுவது அந்நூல். வாக்காளர் இல்லாத, கட்சி இல்லாத, கவர்னரின் தயவால் கிடைத்த ஒரு ஸ்தானத்தில் அமர்ந்துகொண்டு, ஒரு திருத்தப் பிரிவைக் கொண்டு நூற்றாண்டுகளின் கட்டொன்றை அவிழ்ப்பது எப்படி என்பதைக் கற்றுக்கொள்ள விரும்புவோர்க்கு அதனினும் சிறந்த பாடப்புத்தகம் தமிழ்நாட்டில் வேறில்லை. லட்சக்கணக்கான மக்களின் வாக்கைப் பெற்று இன்று சபைக்குச் செல்லும் ஒவ்வோர் அங்கத்தினரும், பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்ட முதல் வாரத்திலேயே அந்த நூலை வாசிக்க வேண்டும் என்றும், அவர்களை அனுப்பிவைக்கிற வாசகர்கள் அவர்களுக்கு முன்பே அதை வாசித்துவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.